கையைப் பாருங்கோ, முகத்தைப் பாக்காதேங்கோ: காட்ஸ் சுழற்றப் பழக வீடியோ தெரிவுசெய்வது பற்றி

ரியூசன் சேர் தெரிவுசெய்கிற விசயத்தில் எங்கட ஆக்களை மிஞ்ச இந்த நாட்டில் ஆளில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ. எந்த சேர் தியறியை வடிவா விளங்கப்படுத்துவார், எந்த சேர் பாஸ்ட் பேப்பர் மட்டும் செய்விப்பார், எந்த சேர் இரண்டு மணித்தியால வகுப்பில் ஒரு மணித்தியாலம் தன்ர புகழ் பாடுவார், எல்லாம் அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். முதல் நாள் போய் சும்மா இருந்து பார்த்து, பக்கத்தில் இருக்கிறவனின் கொப்பியை எட்டிப் பார்த்து, போன வருசம் படிச்ச அக்காவிடம் விசாரித்து, அதுக்குப் பிறகுதான் காசு கட்டும். ஆனால் அதே பிள்ளை யூடியூப்பில் ஏதாவது பழகப் போனால், மேலே வந்து நிற்கிற முதல் வீடியோவை அமத்திவிட்டு அதையே குருவாக ஏற்றுக்கொள்கிறது.

இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். அதுக்கு நாங்கள் எடுக்கிற உதாரணம் கொஞ்சம் விளையாட்டுத்தனமானது: காட்ஸ் கட்டைக் கையில் வைத்து வெட்டி, விரித்து, சுழற்றி, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாயவிடுகிற வித்தை. 'கார்ட்', 'ஆர்டிஸ்ட்ரி' என்ற இரண்டு சொல்லையும் ஒட்டி உலகம் இதுக்கு 'கார்டிஸ்ட்ரி' என்று பெயர் வைத்திருக்கிறது. இது மஜிக் இல்லை. மஜிக்காரர் கை செய்கிறதை ஒளிப்பார், இவர்கள் கை செய்கிறதைக் காட்டுவதுதான் வேலையே. பந்தயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. 52 கடதாசித் துண்டும் பத்து விரலும்தான் மூலதனம்.

எங்கட வட்டத்தில் கொஞ்சப் பேர் இதைப் பழகுகிறார்கள். அதைவிடக் கூடுதலானவர்கள் பழகத் தொடங்கி ஒரு கிழமையில் விட்டவர்கள். விட்டவர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவினம்: "எனக்குக் கை சரிவராது." எங்களுக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை. அவர்களில் கனபேர் பார்த்த வீடியோக்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கை பிழையில்லை, வீடியோதான் பிழை. படிப்பிக்கத் தெரியாத சேரிடம் போன பிள்ளை "எனக்குக் கணக்கு வராது" என்று ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிகிற மாதிரித்தான் இது. காட்ஸ் போனால் போகட்டும். ஆனால் அந்த வசனம் காட்ஸோடு நிற்கிறதில்லை. கிற்றாருக்கும் வரும், தையலுக்கும் வரும், புதுமொழி ஒன்றைப் படிக்கப் போகும்போதும் வரும். அதால்தான் இந்தச் சின்ன விசயத்தைப் பெரிதாக எடுக்கிறோம்.

கட்டு புறக்கோட்டையில் கிடைக்கும்

புறக்கோட்டையில் இல்லாத சாமான் இல்லை. காலி வீதியில் 100ஐயோ 101ஐயோ பிடித்தால் கொண்டுபோய் அங்கேயே இறக்கிவிடும். முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் போனால் போனும் அதற்குரிய சாமானும், செட்டியார் தெருவுக்குப் போனால் நகை, கெய்சர் வீதிப் பக்கம் போனால் துணி. காட்ஸ் கட்டும் அந்தச் சந்து பொந்துகளுக்குள்ளேதான், விளையாட்டுச் சாமான்களுக்கும் பேன்சிச் சாமான்களுக்கும் நடுவில் எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். முழுப் பிளாஸ்ரிக் கட்டு கன காலம் உழைக்கும், தண்ணீர் பட்டாலும் கழுவித் துடைக்கலாம். ஆனால் பழக்கமில்லாத கையில் அது வழுக்கும், ஒரே சீராக விசிறி மாதிரி விரியாது. இந்த வித்தைக்காரர் பெரும்பாலும் பாவிக்கிறது கடதாசிக் கட்டுத்தான். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்னப் பள்ளங்கள் அழுத்தப்பட்டிருக்கும். அந்தப் பள்ளங்களில் நிற்கிற காற்றால் ஒரு காட்ஸ் மற்றதில் ஒட்டாமல் வழுகிப் போகும். 1885ஆம் ஆண்டிலிருந்து அச்சாகிற அமெரிக்காவின் பைசிக்கிள் கட்டு இதுக்குப் பெயர்போனது. இன்னொரு விசயம் அளவு. வீடியோக்களில் வருகிறது பெரும்பாலும் போக்கர் அளவு: ஏறக்குறைய 63 மில்லிமீற்றர் அகலம், 88 மில்லிமீற்றர் உயரம். பிரிட்ஜ் அளவுக் கட்டு என்றும் ஒன்று இருக்கிறது, அது 57 மில்லிமீற்றர் அகலம்தான். கை சின்னதென்றால் அந்த ஆறு மில்லிமீற்றர் பெரிய உதவி. பிறகு கொழும்பு வெக்கை. வியர்த்த கையோடு கடதாசிக் கட்டைப் பிடித்தால் இரண்டு கிழமையில் அது ஊதிப்போகும். கையைக் கழுவித் துடைத்துப்போட்டுத் தொடங்குங்கோ.

கட்டு வாங்குகிறதில் எங்களுக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டையில் முதல் கடையில் சாமான் வாங்குகிறவன் ஊருக்குப் புதுசு. மூன்று கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, "இதவிடக் குறைச்சுத் தாங்கோ" என்று சொல்லி, போகிற மாதிரி நடித்து, திரும்பி வந்துதான் வாங்குவோம். கட்டுக்குச் செய்கிற இந்த விசாரணையில் பாதியைக்கூட வீடியோவுக்குச் செய்கிறதில்லை. வீடியோ இலவசமாச்சே என்று நினைக்கிறோம். எங்கட ஒரு மாத மாலை நேரமும் டேட்டாவும் அதுக்குள்ளேதான் போகிறது என்பது கணக்கில் வருகிறதில்லை.

புத்தகத்திலிருந்து ரீல்ஸ் வரை

இந்த வித்தை முதலில் வீடியோவில் பிறக்கவில்லை. 1902இல் சிக்காகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்நேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் காட்ஸ் கையாளும் நுட்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவர் உண்மையில் யார் என்பதில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஒற்றைக் கையால் கட்டை வெட்டுகிறது உட்பட பல நுட்பங்களை அதில் எழுத்தாலும் கோட்டுப் படங்களாலும் விளக்கியிருக்கிறார். 1992இல் கிறிஸ் கென்னர் என்ற அமெரிக்க மஜிக்காரரின் புத்தகத்தில் 'சிபில்' என்ற வெட்டு வந்தது. இரண்டு கைக்கும் நடுவில் கட்டைப் பல துண்டாகப் பிரித்துத் திரும்பச் சேர்க்கிற இந்த வெட்டிலிருந்துதான் இன்றைய வித்தைகளில் கனக்கப் பிறந்தது. பிறகு கலிபோர்னியாவின் இரட்டையர் டான், டேவ் பக் இருவரும் 2007இல் 'தி ட்ரிலஜி' என்று மூன்று டிவிடிகள் வெளியிட்டார்கள். அதுக்கு இரண்டு வருசம் முதலே யூடியூப் வந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஊடகம் மாற மாற மாணவனின் வேலையும் மாறியது. புத்தகத்தில் படிச்சவன் ஒவ்வொரு வரிக்கும் நின்று, கட்டைக் கையில் எடுத்து, "பெருவிரல் எங்கே இருக்கச் சொல்லுது?" என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டிவிடி வாங்கினவனிடம் ஒன்றிரண்டு தட்டுத்தான் இருந்தது, அதையே தேயத் தேயப் பார்த்தான். புறக்கோட்டை நடைபாதைகளில் கொப்பி டிவிடி விற்ற காலத்தை மூத்தவர்கள் ஞாபகம் வைத்திருப்பினம். இப்போது எங்களுக்கு முடிவே இல்லாத வீடியோ. ஒன்று விளங்கவில்லையென்றால் அடுத்ததுக்குத் தள்ளிவிடலாம். தள்ளுகிறதுக்கு ஒரு விரல் போதும். வித்தைக்குத்தான் பத்து விரலும் வேணும்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தின் மைக்கல் கார்டாஸ், எட் ஓபிரையன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. மேசையில் கோப்பை பீங்கான் இருக்க, கீழே விரித்த துணியை மட்டும் இழுத்து எடுக்கிற வித்தை வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்கள் தங்களால் செய்ய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். அம்பு எறிதல், மூன்வோக் நடனம் போன்றவற்றில் உண்மையாகவே செய்ய விட்டும் பார்த்தார்கள். கூடப் பார்த்தவர்களின் நம்பிக்கைதான் கூடியிருந்தது, திறமை கூடவில்லை. பந்தெறி வித்தைக்குப் பாவிக்கிற கட்டைகளைக் கையில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க விட்டபோது அந்தப் பொய் நம்பிக்கை இறங்கியது.

2020இல் பாடசாலை மூடி சூம் வகுப்பில் படிச்ச தலைமுறைக்கு இது புதுச் செய்தியில்லை. கமராவை நிறுத்திப்போட்டு, சேர் கதைக்கக் கேட்டுக்கொண்டு, "எல்லாம் விளங்குது" என்று நினைத்துக்கொண்டு இருந்தவர்கள்தானே நாங்கள். பேப்பர் கையில் வந்த பிறகுதான் தெரிந்தது எவ்வளவு விளங்கியது என்று.

அதனால் எங்கட முதல் விதி: கட்டு கையில் இல்லாமல் எந்தப் பாட வீடியோவையும் போடாதேங்கோ. பஸ்ஸில் பார்க்கிறது பொழுதுபோக்கு. அது நல்ல விசயம்தான், ஆனால் அதைப் பழகின நேரத்தில் சேர்க்காதேங்கோ.

பெரியப்பாவுக்குப் பின்னால் இருக்கிற இடம்

நல்ல வீடியோ எது என்று சொல்ல, வீடியோ இல்லாத ஒரு பழக்கத்தைப் பார்ப்போம். 304 எங்கட சனத்தின் விளையாட்டு. ஜேக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கேக்கு 3, கியூவுக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இரவிரவாக இதை அடிச்சார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் கனபேருடைய வீடுகளில் கட்டு திரும்ப வெளியில் வந்தது. ஆனால் யாராவது 304ஐ வீடியோ பார்த்துப் பழகினார்களா? பெரியப்பாவுக்கோ மாமாவுக்கோ பின்னால் குந்தியிருந்து பழகினார்கள்.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யோசியுங்கோ. ஒன்று, அவருடைய தோளுக்கு மேலால் அவருடைய கையை அவர் பார்க்கிற மாதிரியே பார்க்க முடிந்தது. இரண்டு, அவர் விளையாடுகிற வேகத்தில், நடுவில் வெட்டாமல், முழுக் கையும் தெரிந்தது. மூன்று, அவர் பிழையாக இறக்கித் தலையில் அடிச்சுக்கொண்டதும் தெரிந்தது. நாலு, எங்களிடம் கட்டைத் தந்துவிட்டு அவர் வெத்திலை போடப் போனால், பிழையான காட்ஸை இறக்கின அந்தச் செக்கனே பின்னாலிருந்து ஏச்சு விழுந்தது.

வீடியோவால் நாலாவதைத் தர ஏலாது. முதல் மூன்றையும் தர ஏலும். தருகிற வீடியோ நல்ல வீடியோ. எங்கட அளவுகோல் இவ்வளவுதான். இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கமரா எங்கே நிற்கிறது?

முன்னால் நிற்கிற கமராவில்தான் வித்தை வடிவாகத் தெரியும். ஆனால் அது ரசிகனின் இடம். அங்கிருந்து பார்த்தால் அவருடைய இடது கை எங்களுக்கு வலப்பக்கம் வரும். ஒவ்வொரு அசைவையும் மூளைக்குள் திருப்பிப் போட வேணும். தொடக்கக்காரருக்கு அதுவே பாதிக் களைப்பு. தோளுக்கு மேலால், அல்லது நெஞ்சுப் பக்கமிருந்து எடுத்த காட்சி ஒரு தடவையாவது வருகிறதா என்று பாருங்கோ. இரண்டு கோணமும் இருந்தால் பொக்கிசம். இடதுகைக்காரருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: முன்னால் எடுத்த வீடியோவைக் கண்ணாடி மாதிரி வைத்து அப்படியே செய்யலாம்.

பிடியிலிருந்து தொடங்குகிறாரா?

முதல் நிமிசத்தில் கட்டை எப்படிப் பிடிக்கிறது என்று சொல்லாத வீடியோவை மூடிவிடுங்கோ. எல்லாரும் முதலில் பழகுகிற 'சார்லியே' வெட்டை எடுங்கோ. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லியே என்ற மஜிக்காரரின் பெயர் அது. ஒற்றைக் கையால் செய்கிற வெட்டு. கட்டை உள்ளங்கையில் வைக்கக்கூடாது, விரல் நுனிகளில் உயர்த்திப் பிடிக்க வேணும். நீளப் பக்கம் ஒன்றில் பெருவிரல், எதிர்ப் பக்கத்தில் நடுவிரலும் மோதிரவிரலும், அடியில் சின்னவிரல் தாங்கும். பெருவிரலைக் கொஞ்சம் தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழும். சுட்டுவிரல் கீழால் போய் அந்தப் பாதியைப் பெருவிரல் பக்கம் தள்ளி நிமிர்த்தும். மேல்பாதி அதைத் தாண்டிக் கீழே இறங்கும். நிமிர்ந்து நின்றது மேலே வந்து மூடும். இரண்டு பாதியும் இடம் மாறியாச்சு.

இந்த வெட்டில் விழுகிற நூற்றில் தொண்ணூறு பேர் விழுகிறது சுட்டுவிரலால் இல்லை, தொடக்கத்தில் கட்டு உள்ளங்கைக்குள் ஆழப் போய்விட்டதால்தான் என்பது எங்கட கணிப்பு. கீழ்ப்பாதி விழ இடமில்லை, பிறகு எப்படி நிமிரும்? பிடியைச் சொல்லாமல் நேரே விரல் வேலைக்குப் போகிற வீடியோ இந்த ஆளை ஒரு கிழமை சித்திரவதை செய்யும். கடைசியில் அவர் தன்ர கையைக் குறை சொல்லிக்கொண்டு போவார்.

பிழையைக் காட்டுகிறாரா?

ஒரு காட்ஸ்கூட விழாத பாட வீடியோ எங்களுக்குச் சந்தேகத்துக்குரியது. "இந்த இடத்தில் உங்களுக்குக் கொட்டும், கொட்டினால் காரணம் இதுதான்" என்று சொல்லுகிறவர் பல பேருக்குப் படிப்பிச்சிருக்கிறார் என்று அர்த்தம். தான் செய்கிறதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறவர் கெட்டிக்காரராக இருக்கலாம், வாத்தியாராக இன்னும் ஆகவில்லை. அதேபோல "இதுக்கு முதல் இன்னது பழகியிருக்க வேணும்" என்று வாசலிலேயே நிறுத்துகிற வீடியோவை மதியுங்கோ. சார்லியே, சாதாரண ஊஞ்சல் வெட்டு, பெருவிரலால் விரிக்கிற விசிறி, பிறகுதான் சிபில். சிபில் 'பத்து நிமிசத்தில்' என்று தலைப்புப் போட்டால் அது முதல் நாளே "மூன்று ஏ நிச்சயம்" என்று நோட்டீஸ் ஒட்டுகிற ரியூசன்.

மெதுவாகச் செய்கிறாரா, மெதுவாக ஓடவிடுகிறாரா?

இந்த இரண்டும் ஒன்றென்று கனபேர் நினைக்கிறார்கள். கை வேகமாகச் செய்ததை எடிற்றிங்கில் மெதுவாக்கினால், வேகம் தந்த உந்தலும் சேர்ந்துதான் தெரியும். எங்கட கை மெதுவாகச் செய்யும்போது அந்த உந்தல் இருக்காது, காட்ஸ் கீழே விழும். வெட்டுகளைப் பழக, கையே மெதுவாகச் செய்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று காட்டுகிற வீடியோ வேணும். ஆனால் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் காட்ஸ் பாய்கிற 'ஸ்பிரிங்', ஒரு துண்டை எறிந்து பிடிக்கிறது போன்றவற்றை மெதுவாகச் செய்யவே ஏலாது. அங்கே மெதுவாக ஓடவிட்ட காட்சிதான் வழி. எதுக்கு எது வேணும் என்று தெரிந்து இரண்டையும் பாவிக்கிறவர் நல்ல வாத்தியார். நீங்களாக யூடியூப்பில் வேகத்தைக் கால் பங்காகக் குறைக்கலாம், நல்லதுதான், ஆனால் அது முதலாவதுக்கு ஈடாகாது. முக்கியமான அந்த நொடியில் காட்சி வெட்டுப்பட்டு அடுத்த கோணத்துக்குத் தாவினால் அந்த வீடியோவோடு மினக்கெடாதேங்கோ.

சத்தத்தை நிறுத்துங்கோ, பிறகு கண்ணை மூடுங்கோ

முப்பது செக்கனில் செய்கிற ஒரு சோதனை சொல்லுகிறோம். முதலில் சத்தத்தை நிறுத்திப் பாருங்கோ. எந்த விரல் எங்கே போகிறது என்று படம் மட்டும் சொல்லுகிறதா? இங்கிலிஷ் தடுக்கினவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். பிறகு சத்தத்தைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கோ. விரல் பெயர்கள் காதில் விழுகிறதா, எவ்வளவு அழுத்த வேணும், எங்கே தளர்த்த வேணும் என்று வருகிறதா? அழுத்தத்தைக் கண்ணால் பார்க்க ஏலாது, அதை வாய்தான் சொல்ல வேணும். "இப்படி, பிறகு இப்படி, அவ்வளவுதான்" என்று மட்டும் கேட்டால் அவர் தனக்குத்தானே கதைக்கிறார். இரண்டு சோதனையிலும் பாஸான வீடியோவை வைஃபை இருக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கோ. ஒரே வீடியோவை டேட்டாவில் முப்பது தடவை ஓடவிடுகிறது போன் கொம்பனிக்குக் கட்டுகிற சீட்டு.

பாட்டும், இருட்டு வெளிச்சமும், கூரையில் நின்று எடுத்த காட்சியுமாக வருகிற ரீல்ஸ்களை நாங்கள் வெறுக்கவில்லை. ஆசை வருகிறதே அதைப் பார்த்துத்தான். அது படத்தின் ட்ரெய்லர். ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு ஏன் கதை விளங்கவில்லை என்று அழக்கூடாது.

யாருடைய கை?

இந்த விசயத்தைப் பெரிசாக யாரும் கதைக்கிறதில்லை. நாங்கள் பார்க்கிற பாட வீடியோக்களில் பெரும்பாலும் ஆம்பிளைகளின் நீண்ட கை. எங்கட குழுவில் பழகுகிற பெண் பிள்ளைகள் பலருக்குச் சார்லியேயில் பெருவிரல் எட்டாது. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு இது சரிவராது" என்று பக்கத்தில் ஒரு அண்ணா உடனே தீர்ப்புச் சொல்லுவார். சரிவரும். கட்டின் குறுக்கே அல்லாமல் கொஞ்சம் சரித்துப் பிடித்தால், அல்லது பிரிட்ஜ் அளவுக் கட்டில் தொடங்கினால், அல்லது முதல் இரண்டு கிழமை பாதிக் கட்டோடு பழகினால் சரிவரும். சின்னக் கைக்கு என்ன செய்கிறது என்று ஒரு வசனமாவது சொல்லுகிற வீடியோவைத் தேடுங்கோ. உங்கட கை அளவில் ஒரு கை செய்கிறதைப் பார்த்தால் இன்னும் நல்லது. கமராவுக்கு முன்னால் இருக்கிற முகம், தலைமயிர், மோதிரம், பின்னால் தெரிகிற நியோன் விளக்கு எதுவும் உங்களுக்குக் காட்ஸ் வெட்டித் தராது.

காசு கட்டி வாங்குகிறதா?

தொடக்கத்துக்குத் தேவையில்லை. அசாத் சௌத்ரியின் '52கார்ட்ஸ்' போன்ற இலவசச் சனல்கள் முதல் ஆறு மாதத்துக்குத் தாராளமாகக் காணும். சிங்கப்பூரின் 'விர்ட்ஸ்' குழுவின் பாடங்களையும் பாருங்கோ. அவர்களிடம் எங்களுக்கு ஒரு தனிப் பாசம். மஜிக் மேடைகள் நிறைந்த அமெரிக்காவில் இல்லாமல், எங்களைப் போல ஒரு சின்னத் தீவில் கூட்டாளிகளாகச் சேர்ந்து பழகி, கடைசியில் தங்கட பெயரில் ஒரு கட்டே வெளியிட்டு, உலகமே அவர்களைப் பார்த்துப் பழகுகிற நிலைக்கு வந்தவர்கள்.

பிறகு ஒரு கட்டத்தில் டொலரில் விலை போட்ட வீடியோ ஒன்றில் ஆசை வரும். கிரெடிட் கார்ட் இல்லாத கம்பஸ் பிள்ளைக்கு அது கஷ்டம். உடனே யாராவது டெலிகிராமில் ஒரு லிங்க் தருவார், நூற்றுக்கணக்கான வீடியோ சும்மா. நாங்கள் வேண்டாம் என்கிறோம். ஒழுக்கப் பிரசங்கம் செய்ய வரவில்லை, இரண்டு காரணம் இருக்கு. இந்த வித்தைக்கு மேடையில்லை, ரிக்கெற் இல்லை, விருது இல்லை. கண்டுபிடிச்சவர் பெரும்பாலும் எங்கட வயசுப் பெடியன் பெட்டை, அந்த ஒரு வீடியோதான் அவருக்கு வருகிற காசு. மற்றது, ஹார்ட் டிஸ்க் நிறைய வீடியோ வைத்திருக்கிற யாரும் ஒன்றையும் ஒழுங்காகப் பழகி நாங்கள் காணவில்லை. நாலைந்து பேர் காசு போட்டு ஒன்றை வாங்கி, ஒரே அறையில் சேர்ந்திருந்து பார்ப்பது வேறு, அதை ஊருக்கெல்லாம் ஏற்றிவிடுவது வேறு. முதலாவதில் பிழையில்லை என்பதே எங்கட அபிப்பிராயம்.

"இது என்னத்துக்கு?"

வீட்டில் கேட்பினம். காட்ஸ் என்றாலே சூது என்று நினைக்கிற அம்மாக்களுக்குக் கோபத்தோடு பதில் சொல்லத் தேவையில்லை. குடும்பம் அழிஞ்ச கதைகள் எல்லா ஊரிலும் இருக்கு, அவர்களின் பயம் பொய்யில்லை. ஒரு வெட்டைச் செய்துகாட்டுங்கோ. காசு எங்கே வருகிறது என்று அவர்களே தேடிக் களைத்துப் போவினம்.

கம்பஸ் கூட்டாளிகள் கேட்கிற கேள்வி வேறு: சீவியில் போட ஏலுமா? ஏலாது. அதுதான் எங்களுக்குப் பிடிச்சது. சோதினை, சேர்டிபிக்கற், வேலை என்ற மூன்றுக்கும் உதவாத ஒன்றை, யாரும் புள்ளி போடாத ஒன்றை, ஒரு மாதம் பொறுமையாகப் பழகிப் பார்க்கிற வாய்ப்பு எங்களுக்கு வேறெங்கே கிடைக்கிறது? அந்த ஒரு மாதத்தில் எப்படிப் பழகுகிறது என்பதைப் பழகுகிறோம். அதைக் காட்ஸுக்கு வெளியிலும் கொண்டுபோகலாம்.

தமிழில் ஒன்று செய்வோம்

வீடியோவால் தர ஏலாத அந்த நாலாவது விசயம் இருக்கிறதே, பின்னாலிருந்து விழுகிற ஏச்சு. அதுக்கு ஆள் வேணும். அதால் வீடியோவைத் தனியாகத் தெரிவுசெய்யாமல் மூன்று நாலு பேராகச் சேர்ந்து தெரிவுசெய்யுங்கோ. மாதத்துக்கு ஒரு வெட்டு, அதுக்கு ஒரே ஒரு வீடியோ. கிழமைக்கு ஒருக்கால் சந்தித்து ஒருவர் கையை மற்றவர் தோளுக்கு மேலால் பாருங்கோ. "பெருவிரல் உள்ள போட்டுது" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் மூன்று கிழமை மிச்சம்.

பிறகு, நீங்களே ஒன்று எடுங்கோ, தமிழில். சொல் இல்லை என்று சொல்லாதேங்கோ. புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஒல்லாந்தர் விட்டுப்போன காட்ஸ் சொற்கள் இன்னும் எங்கட தீவின் வாயில் இருக்கு. சிங்களத்தில் இஸ்கோப்ப, கலாபர, ஹாரத, ருயித என்பதெல்லாம் ஒல்லாந்துச் சொற்கள்தான். எங்கட பழைய ஆக்கள் சொல்லுகிற கலாவரையும் அந்த வழிதான். வந்த சொல்லை வாயில் போட்டு மென்று தங்கட ஆக்கினார்கள், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் என்று ஐந்துக்கும் பெயர் இருக்கிற மொழியில், தளர்த்து, தள்ளு, தாங்கு, நிமிர்த்து, மூடு என்று வினையும் இருக்கிற மொழியில், ஒரு சார்லியே வெட்டைச் சொல்லிக்கொடுக்க என்ன குறை? மேலே ஒரு பந்தியில் நாங்களே சொல்லிப் பார்த்தாச்சு.

பெரிய கமரா தேவையில்லை. ஒருவர் வாங்கில் இருக்க, மற்றவர் அவருக்குப் பின்னால் நின்று தோளுக்கு மேலால் போனைப் பிடிச்சால் போதும். பகல் வெளிச்சம், கறுப்புத் துணி விரிச்ச மேசை, பாட்டு வேண்டாம். எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ, எல்லாருமாகப் பார்த்துப் பழகுவோம். இடையில் கட்டு நிலத்தில் கொட்டுப்பட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.